பதினோராவது கோரிக்கை

மாலையும் கழுத்துமாக இருபது ஆண்கள் தெருவில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு நாகசுரம், ஒரு தவில். நடுவில் எங்கள் ராஜபார்ட் ரத்தினவேலு. பட்டாபிஷேகக் காட்சியில் எப்படி நடப்பாரோ அதே நடை. தலையில் கிரீடம்தான் இல்லை.

உச்சி வெயில். நாகர்கோவிலில் நாங்கள் தங்கியிருந்த கம்பெனி வீட்டு வாசலில் மூன்று பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் கையில் சாளை மீன் கழுவிய வாடை. ஊர்வலத்துக்கு வழிவிட்டு ஒதுங்கிய மாட்டுவண்டிக்காரர் எங்களிடம் கேட்டார்.

"கல்யாணமா, எலெக்சனா?"

"ரெண்டும் இல்ல. ஸ்டிரைக்குல செயிச்சிட்டு வாறாவ," என்றாள் பங்கஜத்தக்கா.

எங்கள் நாடகக் கம்பெனியின் நடிகர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்து முதலாளியைப் பணியவைத்துவிட்டார்கள். ரத்தினவேலுதான் சங்கத்தின் செயலாளர். வாசலுக்கு வந்தவரைப் பங்கஜத்தக்கா நிறுத்தினாள்.

"தம்பி, எங்க காரியம் என்னாச்சு?"

ரத்தினவேலு மதுரைப் பக்கத்துக்காரர். மேடைத் தமிழையே வீட்டிலும் பேசுவார். தண்ணீர் கேட்டால்கூட வசனமாகத்தான் கேட்பார்.

"தோழியரே, பதினொரு கோரிக்கைகளில் பத்தை வென்றுவிட்டோம். எஞ்சிய ஒன்றை அடுத்த கட்டப் போராட்டத்தில் வெல்வோம்."

"அந்த மிச்சம் ஒண்ணு எதுவாக்கும்?"

அவர் மாலையைச் சரிசெய்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு இலை போடச் சொன்னார்.

கொட்டகைக்குப் பின்னால்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என் முதல் மேடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "அம்மா, நாடகத்துக்கு அது பொற்காலம் அல்லவா" என்று கேட்டிருந்தார். பொன்னைப் பற்றி எனக்குத் தெரியாது. காலத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

தேசத்துக்குச் சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும். எங்களுக்கு வரவில்லை என்று அலுத்துக்கொள்ள மாட்டேன். மேடை வரைக்கும் வந்தது. எந்த நாடகமானாலும் கடைசியில் பாரத மாதா வந்து நின்றாக வேண்டும். அந்த வேஷம் எனக்கு. கையில் கொடியோடு, பாட்டு முடியும்வரை அசையாமல் நிற்பேன். ஜனங்கள் கும்பிடுவார்கள். பாரத மாதாவின் மனதில் அப்போது ஒரே நினைப்புதான் இருக்கும்: எங்கே போய் ஒதுங்குவது?

ஊர் எல்லையில், தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் ஓலைக் கொட்டகை. ஆண்களுக்குத் தோப்பு இருந்தது. பெண்களுக்கு எதுவும் கிடையாது. நாலு மணிக்கு முகத்தில் அரிதாரம் ஏறினால், நாடகம் முடிந்து கம்பெனி வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி, மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பது.

பங்கஜத்தக்கா கோட்டாற்றுக்காரி. அப்போது முப்பத்தெட்டு வயசு. எல்லா நாடகத்திலும் அம்மா வேஷம் அவளுக்குத்தான். ஒரு நாள், தொலைந்துபோன பிள்ளையைத் தேடி அழும் காட்சியில் நிஜமாகவே மயங்கி விழுந்தாள். கொட்டகையே கை தட்டியது. "தாயுள்ளம்னா இதாக்கும்" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி உள்ளே ஓடிவந்தார். பதறித்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நல்லாயிருக்கு. இத அப்படியே வச்சிக்கிடுவோம். தெனமும் விழட்டும்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா நீர்க்கடுப்பு என்றார். அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் தனியாக, "சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. இப்படியே விட்டா ஆள் தங்காது" என்றார். என்ன மருந்து என்று கேட்டேன். மாத்திரை கொடுத்தார். ஆனால் மாத்திரையைவிட முக்கியம், நாள் முழுக்க நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்.

தண்ணீர் குடித்துவிட்டு எங்கே போவது? அதுதான் பதினோராவது கோரிக்கை. கொட்டகையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ்.

ஏழு நாள் வீரம்

ஆனால் ஸ்டிரைக் தொடங்கியது அதற்காக இல்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆண்கள் போராட மாட்டார்கள்.

எங்கள் முதலாளிக்குக் கோட்டாற்றில் அரிசி மண்டி இருந்தது. நாடகத்தையும் அரிசியையும் ஒரே மாதிரி கையில் அள்ளி, ஊதிப் பார்த்து விலை சொல்லுகிற மனிதர். ஒரு நாள் ஒத்திகையில், நாலு பெரிய மனிதர்கள் முன்னால், ரத்தினவேலுவை "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டார். எங்கள் ஊரில் "ஏலே" கொஞ்சலும் ஆகும், ஏச்சும் ஆகும். வாயைப் பொறுத்தது. மதுரைக்காரருக்கு அந்த நுணுக்கம் தெரியாது. அதோடு அன்றைக்கு ராஜா உடையில் வேறு இருந்தார். சாயங்காலத்துக்குள் சங்கம் பிறந்துவிட்டது.

நடிகர்களை "ஏலே" என்று அழைக்கக் கூடாது. நோட்டீசில் ராஜபார்ட்டின் பெயர் முதலாளி பெயரைவிடச் சின்ன எழுத்தில் இருக்கக் கூடாது. ஒத்திகையில் இரண்டாவது காப்பி வேண்டும். மேடையில் சாகிறவருக்கு மறுநாள் ஓய்வு. முதலாளியின் மைத்துனருக்கு ராஜா வேஷம் தரக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை நானும் மனதார ஆதரித்தேன். அவர் பாடுவதைக் கேட்ட எவரும் ஆதரிப்பார்கள். இப்படியே பத்து.

எங்களையும் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். "எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான். அதயும் எழுதினா போடுகோம்," என்றாள் பங்கஜத்தக்கா. எழுதினார்கள். கக்கூஸ் என்ற சொல் சங்கத்தின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்பதால் செயலாளர் அதை, "பெண் கலைஞர்களின் பிற வசதிகள்" என்று எழுதினார். படிக்க அழகாகத்தான் இருந்தது.

முதல் நாளே கம்பெனிச் சமையல்காரர் முதலாளி பக்கம் போய்விட்டார். ஆகவே ஏழு நாளும் இருபது வீரர்களுக்கு நாங்கள் மூன்று பேரும் ஆக்கிப் போட்டோம். வேலைநிறுத்த நாட்களில் நான் பார்த்த வேலையை என் வாழ்நாளில் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

வாயில் வராத சொல்

பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது என்பதை எங்களுக்குச் சொன்னவர் பொன்னையா வாத்தியார். கம்பெனிக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறவர், ஐம்பது தாண்டியவர். பெண்கள் மேடை ஏறாத காலத்தில் பெயர்பெற்ற ஸ்திரீபார்ட். செயலாளரோடும் தபலாக்காரரோடும் அரிசி மண்டிக்கு அவரும் போயிருந்தார். ஊர்வலச் சாப்பாடு முடிந்த பிறகு, கை கழுவுகிற சாக்கில் அடுப்படிக்கு வந்து நின்றார்.

"பத்துக்கும் சரின்னுட்டாரு. பதினொண்ணுக்கு வந்ததும், 'பிற வசதின்னா என்னவாக்கும்?'னு கேட்டாரு."

"சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"ரத்தினவேலு என்னப் பாத்தான். நான் தபலாக்காரரப் பாத்தேன். அவரு சொவத்துல கிடந்த காலண்டரப் பாத்தாரு."

"பொறவு?"

"'ஒண்ணும் இல்லன்னா அடிச்சிருவோமா?'ன்னு கேட்டாரு மொதலாளி. ஒருத்தரும் பேசல்ல. பேனாவால கோடு போட்டு அடிச்சிட்டாரு."

மூச்சு விடாமல் மூன்று பக்க வசனம் பேசுகிற மனிதர் ரத்தினவேலு. எதிரி நாட்டு மன்னனைச் சபை நடுவில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேள்வி கேட்பவர். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு சின்னச் சொல் அவர் வாயில் வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பங்கஜத்தக்காவுக்கு வரவில்லை. அடிவயிற்றைப் பிடித்தபடி எங்கள் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி செல்வம், ஏட்டி தனம், நாளைக்கு நாம மொகத்துல சாயம் பூசண்டாம்," என்றாள்.

தனம் தஞ்சாவூர்ப் பெண். எங்களில் இளையவள், பயந்த சுபாவம். "அக்கா, வேலைய விட்டுத் தூக்கிட்டா?" என்றாள்.

"தூக்கினா எறங்கிக்கிடுவோம்."

சேலை கட்டிய வீரர்கள்

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். நாங்கள் வரவில்லை என்றதும் செயலாளர் ஓடிவந்தார்.

"ஒற்றுமையைக் குலைக்காதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இந்த நேரத்தில் வேலைநிறுத்தம் என்பது தொழிலாளர் நலனுக்கே விரோதமானது."

முந்தின நாள் போட்ட மாலை அவருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் வாடவில்லை.

"தம்பி, நேத்து வரைக்கும் நீங்க செஞ்சது என்னவாக்கும்?" என்றாள் பங்கஜத்தக்கா.

"அது உரிமைப் போராட்டம்."

"அப்படியா. எங்களுக்கு வயித்துப் போராட்டம்."

அவர் போய் அவசரக் கூட்டம் போட்டார். ஒரு மணி நேரத்தில் வழி பிறந்தது. பெண் வேஷங்களை ஆண்களே கட்டிக்கொள்வது. என் கதாநாயகி வேஷம் பொன்னையா வாத்தியாருக்கு. தனத்தின் தோழி வேஷம் திரை இழுப்பவருக்கு. அம்மா வேஷம் தபலாக்காரருக்கு. பாரத மாதாவாக, நெஞ்சு ரோமத்தைச் சிரைத்துக்கொண்டு, ஆர்மோனியக்காரர். சனிக்கிழமை வரைக்கும் சங்கத்தில் இருந்த அத்தனை பேரும் ஞாயிற்றுக்கிழமை கருங்காலிகள் ஆனார்கள். அதையும் சங்கத்தின் தீர்மானமாகவே செய்தார்கள்.

ஆண்கள் சேலை கட்டுவது எனக்குப் புதிது இல்லை. நான் பிறந்தது ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரையில். மரிய செல்வம் என்பது மாதா கோயிலில் வைத்த பெயர். எங்கள் மீன்பிடித் துறையில் திருநாளுக்கு நாடகம் உண்டு. ராணி வேஷம் என் சித்தப்பாவுக்கு. துடுப்புப் பிடித்த கை, வளையல் ஏறாது. மீசையை எடுக்கச் சித்தி சம்மதிக்கவில்லை. அதனால் ராணி எப்போதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுவாள். ரொம்ப நாணமுள்ள ராணி என்று பெயர். ஒரு வருஷம், ராஜா இறந்த செய்தி கேட்டு இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள வேண்டி வந்தது. முந்தானை நழுவியது. அந்த ராஜாவுக்காக எங்கள் ஊரில் ஒருவரும் அழவில்லை.

மணலில்

நாங்கள் ஒரு குடம் தண்ணீரும் செம்புமாகப் போய், கொட்டகையின் பெண்கள் டிக்கெட் வாசலில் மணலில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா சொன்னபடி பங்கஜத்தக்கா செம்பு செம்பாகக் குடித்தாள். எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி, எங்களைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் புறவாசலைத் திறந்துவைத்தாள். அவளிடம் நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டிக்கெட் வாங்கப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். சுசீந்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், சந்தையில் மீன் விற்று முடித்து, கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தவர்கள். எங்களைக் கண்டதும் நின்றார்கள்.

"என்ன, மண்ணுல இருக்கிய? நாடகம் இல்லியா?"

"நாடகம் உண்டு. நாங்க இல்ல," என்றாள் பங்கஜத்தக்கா. "உள்ள பொம்பளையளுக்கு கக்கூஸ் இல்ல. கட்டித் தந்தா நடிப்போம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருவில், இத்தனை பேர் கேட்க. ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. சுசீந்திரத்துப் பெண் ஒருத்தி இடுப்புப் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எங்களுக்கும்தான் இல்ல. போன மாசம் வந்தேன். பாதியில முடியாம எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டேன். அந்தத் தொலைஞ்ச பிள்ள கடைசியில கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"ஒமக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான் அம்மை."

அவள் பங்கஜத்தக்காவை உற்றுப் பார்த்தாள். சாயம் இல்லாத, வெளிறிப்போன முகம். பிறகு டிக்கெட் சன்னலை ஒரு முறை பார்த்துவிட்டு, பிள்ளையோடு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீன்காரப் பெண்கள் கூடையைக் குப்புறப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்கு மணி அடித்தபோது வாசலில் நாற்பது, ஐம்பது பெண்கள் இருந்திருப்பார்கள். உள்ளே பெண்கள் பகுதியில் யாரும் இல்லை. பயந்த சுபாவமுள்ள தனம் எழுந்து, செம்பை எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

இடைவேளை

ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தே நாடகத்தைக் கேட்டோம். ரத்தினவேலு கதாநாயகியின் தாடையைத் தொட்டு, "பதினாறு வயதுப் பைங்கிளியே" என்றார். உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏலே, அது மாப்பிளைக்க அம்மைலா." அதற்குப் பிறகு வசனமே கேட்கவில்லை, சிரிப்புதான்.

இடைவேளையில் பொன்னையா வாத்தியார் எங்களை நோக்கி வந்தார். பட்டுச் சேலை, சவுரி, நெற்றிச்சுட்டி. நடை மட்டும் சரியாக இல்லை. வந்து மணலில் உட்கார்ந்தார். முகத்தில் அரிதாரம் வியர்வையில் வழிந்தது.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் பங்கஜத்தக்கா.

"தோப்புக்குப் போனேன். அந்தக் காலத்துல வேஷத்தோட போவமே, அதே மாதிரின்னு போனேன். எட்டுப் பத்துப் பயலுவ பின்னால வந்துட்டானுவ. சீட்டி அடிக்கானுவ. நான் ஆம்பிளைன்னு சொன்னேன்."

"நம்பல்லியா?"

"பாதிப் பேரு நம்பல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "நம்பினவனும் போகல்ல."

ஒருவரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டுப் புறவாசலை நான் காட்டினேன். போய்விட்டு வந்தார். வந்து மறுபடியும் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

முதலாளி வேகமாக வந்தார். "வாத்தியாரே, மணி அடிச்சாச்சு. எந்திரியும்."

"மொதலாளி, பொம்பளையளுக்கு கக்கூஸ் கட்டுங்க."

அந்தச் சொல்லை எங்கள் கம்பெனியில் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்ன ஆண் அவர்தான். அதற்கு அவர் சேலை கட்ட வேண்டியிருந்தது.

கதாநாயகி இல்லாமல் பாதிக் கதை நடக்காது. செயலாளர் திரைக்கு முன்னால் வந்து, கிரீடத்தோடு கை கூப்பி, "தவிர்க்க முடியாத ஒரு காரணத்தால்" என்று ஆரம்பித்தார்.

"என்ன காரணம்?" என்று கேட்டது கூட்டம்.

"சில வசதிக் குறைவுகளால்."

"என்ன வசதி? தெளிவாச் சொல்லும்."

"அதாவது..." என்று இழுத்தார். அவர் சொல்லைத் தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது. பங்கஜத்தக்கா மணலில் கை ஊன்றி எழுந்து, தட்டியை விலக்கி, கடைசி வரிசைக்கும் கேட்கிற தன்னுடைய மேடைக் குரலில் சொன்னாள்.

"கக்கூஸ்."

கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தார்கள். பெண்களும் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஆளில்லாத பெண்கள் பகுதியைப் பார்த்தார். மணலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வியாபாரி அல்லவா. பெண்கள் வராவிட்டால், அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆண்களும் வர மாட்டார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நாளைக்கு கொத்தனார வரச் சொல்லுகேன். இனி அந்தப் பேச்ச விடுங்க," என்றார். நடிகைகளுக்கு ஒன்று, டிக்கெட் வாங்கி வருகிற பெண்களுக்கு ஒன்று, இரண்டு கட்ட வேண்டும் என்று மீன்காரப் பெண்கள் அங்கேயே பேசி முடித்தார்கள்.

அடுத்த வாரம் சங்கம் ஒரு நோட்டீஸ் அடித்தது. "பதினொன்றும் வென்றோம்" என்று போட்டிருந்தது. வென்றவர்கள் பெயர் வரிசையில் எங்கள் மூன்று பேரும் இல்லை. சேலை கட்டிய பொன்னையா வாத்தியாரும் இல்லை.

கொண்டி

கொத்தனார் வந்த நாலாம் நாள் சுவர் எழும்பிவிட்டது. கதவு மாட்டிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரும்படி பங்கஜத்தக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். நான் போய் நின்றபோது, தோப்புப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். என் அப்பா.

நான் நாடகத்துக்கு வந்து இரண்டு வருஷம். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசியதில்லை. வீட்டுக்குப் போனால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார். மீன்காரப் பெண்கள் செய்தியைத் துறை வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்தேன். உன் மகள் நடுத்தெருவில் உட்கார்ந்து கக்கூஸ் கேட்கிறாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போக முடியாது என்று சொல்வதற்கு வாயில் சொல் தேடினேன். செயலாளரைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, எனக்கும் வரவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைச் சுற்றி வந்தார். புது வள்ளத்தைப் பார்க்கிற மாதிரி, உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். கதவுக்கு முன்னால் நின்றார். முதலாளியின் உத்தரவுப்படி தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைத்திருந்தார்கள். ஆட்டம் இல்லாத நேரத்தில் பூட்டிச் சாவியைக் கணக்குப்பிள்ளை வைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

"கொத்தனாரே, இது ஆளுக்குள்ளதா, ஆட்டுக்குள்ளதா?" என்றார் அப்பா.

"ஏன்?"

"கொண்டி வெளிய இருந்தா அது ஆட்டுத் தொழுவம்லா. உள்ள வையும்."

"மொதலாளி சொன்னது வெளிய."

"அவரு வந்தா நான் சொல்லுகேன். நீரு உள்ள வையும்."

கொத்தனார் அப்பாவின் அகன்ற தோளைப் பார்த்தார். ஆசாரியைக் கூப்பிட்டார். தாழ்ப்பாளைக் கழற்றி உள்ளே அடித்து முடிக்கும்வரை அப்பா அசையவில்லை. முடிந்ததும் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"கொண்டி விழுதா, மக்களே?" என்றார் வெளியிலிருந்து.

"விழுது, அப்பா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு அவ்வளவுதான். உடனே வெளியே வர முடியவில்லை. புதுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். திறந்து வந்தபோது அவர் தோப்பைத் தாண்டி, பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார்.

கொத்தனார் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மேல ஓலை நிக்காது, ஆடிக் காத்துல பறந்திரும், ஓடு போடச் சொல்லுன்னு ஒங்கப்பா ஒங்கிட்டச் சொல்லச் சொன்னாவ," என்றார்.